பெரியவர் எழுபத்தொன்றில் நிற்கிறார்

பிறை 4, செவ்வாய்

நோன்பு மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கத்துக்குக் கேமரா தூக்குகிறவள் ரமலானில் என்ன செய்வாள்? பருப்பு சூப் கிண்டுவாள், மாமியார் சொல்வதைக் கேட்பாள். நான்கு நாளாக இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன். சூப்பாவது அடங்கிக் கொதிக்கிறது.

மதியம் பாக்தாத் தொலைக்காட்சியிலிருந்து இஸ்ரா கூப்பிட்டாள். போன வருடம் அவள் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ. ரமலான் நிகழ்ச்சியில் பேட்டைக்குப் பேட்டை, ஒவ்வொரு மொஹல்லாவின் மோதிர ஆட்டத்தையும் காட்டப்போகிறார்களாம்.

"உங்க மொஹல்லா ஆட்டத்தைப் பத்து நிமிஷமாச் சுருக்கிக் குடு. பிறை இருபதுக்குள்ள என் கைக்கு வந்துடணும். நல்லா இருந்தா பெருநாள் நிகழ்ச்சிக்கெல்லாம் உன்னையே எடிட்டராப் போடச் சொல்றேன்."

எடிட்டர். மேசை, நாற்காலி, ஏசி. "என் பொண்ணு இன்னும் சிவப்பாத் தெரியணும்" என்று தோளில் தொங்கும் அத்தைகள் இல்லாத வேலை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பெரியவர் ஞாபகம் வந்தது.

பெரியவர் என் கம்ப்யூட்டர். முஹன்னத் என்னைப் பெண் பார்க்க வந்தபோதே அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. கல்யாணத்தில் நான் கொண்டுவந்த சாமான்களில் அவர் ஒருவரைத்தான் இறக்கிவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பிறை 6, வியாழன்

தோற்றோம். இருபத்தொன்றுக்குப் பதின்மூன்று.

நேற்று ஆற்றோர மொஹல்லாக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் மற்றப் பெண்களோடு இருந்தேன், கேமராவைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு. கீழே எங்கள் ஆண்கள் நாற்பது பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கேப்டன் அபூ ராஃபித் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவர் கைக்குள்ளும் கைவிட்டபடி போனார். ஒருவன் கையில் மட்டும் மோதிரம் இருக்கும். நாற்பது பேரும் கையை மூடிக்கொண்டு முகத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். எதிரணியின் ஜப்பார் வந்து முகம் முகமாகப் பார்த்து, வெறும் கை என்று தோன்றுகிறவர்களை ஒவ்வொருவராக விலக்கி, கடைசியில் ஒருவனிடம் "கொண்டா மோதிரத்தை" என்பான். இருந்தால் அவர்களுக்குப் புள்ளி, இல்லாவிட்டால் நமக்கு.

முஹன்னத் கையில் மூன்று முறை மோதிரம் வைத்தார் அபூ ராஃபித். இவன் இயற்பியல் வாத்தியார், முகத்தில் எதுவும் தெரியாது என்று நம்பியிருக்கிறார். மூன்று முறையும் ஜப்பார் பிடித்துவிட்டான். மூன்றாவது முறை ஒருவரையும் விலக்கக்கூட இல்லை. அந்தக் கோடியிலிருந்து நேராக நடந்துவந்து, முஹன்னத் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டிலிருந்த ஜிலேபியை எடுத்து நிதானமாகத் தின்று, விரலை நக்கி, அதே கையை நீட்டினான். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

நானும்தான் சிரித்தேன். கேமராவே குலுங்கியது.

பிறை 7, வெள்ளி

மூன்று மணி நேரப் பதிவைப் பத்து நிமிடமாக வெட்ட உட்கார்ந்தேன். பெரியவர் ஒரு நொடிப் படத்தைக் காட்டப் பதினொரு நொடி எடுத்துக்கொள்கிறார். நடுநடுவே யாராவது ஒருவர் முகத்தில் அப்படியே நின்றுவிடுகிறார். எங்கள் மொஹல்லா ஆண்களை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் பார்த்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மூடியைக் கழற்றிப் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். ஒரு தலையணை தைக்கலாம், அவ்வளவு பஞ்சு. மாமி எட்டிப் பார்த்து, "எலி ஏதும் செத்துக் கெடக்கா பாரும்மா" என்றார். மேசை விசிறியைத் தூக்கிவந்து பெரியவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மனுஷி வேர்த்து வழியிறேன். டப்பாவுக்குக் காத்தா?"

"அவருக்குக் காய்ச்சல் மாமி."

பிறை 8, சனி

ரெண்டர் போட்டேன், அதாவது வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே வீடியோவாகச் சமைத்துத் தரும் வேலையைப் பெரியவரிடம் விட்டேன். முதல் சதவீதம் வர எட்டு நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தம் பதின்மூன்று மணி நேரம். விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டு அமுக்கினால் நோன்பு திறக்கும்போது முடியும். நானும் பெரியவரும் சேர்ந்து நோன்பு வைக்கிறோம். ராத்திரியில் போட முடியாது. நள்ளிரவானால், தெருவுக்குக் கரண்ட் விற்கும் சத்தாரின் ஜெனரேட்டர் தூங்கப் போய்விடும். அரசாங்க மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

ஒன்று போய் மற்றது வருவதற்கு நடுவே அரை நிமிடம் இருட்டு. அதற்கு என் பேட்டரிப் பெட்டி தாங்கும். கீச் கீச்சென்று கத்திக்கொண்டு நான்கு நிமிடம் வரை தாங்கும். சத்தார் நமக்குத் தருவது நான்கு ஆம்பியர்தான்: ஃப்ரிட்ஜ், விசிறிகள், பெரியவர். அதற்கு மேல் ஒரு பல்பு போட்டாலும் யோசித்துப் போடவேண்டும்.

அறுபத்து மூன்று சதவீதத்தில் மாமி வாஷிங் மெஷினைப் போட்டார். ஃப்யூஸ் போய்விட்டது. ஃப்யூஸ் பெட்டி இருப்பது தெருமுனைக் கம்பத்தில். சத்தாரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவதற்குள் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். ரெண்டர் பாதியில் நின்றால் முழுக்கப் பாழ். மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

"பெருநாளைக்குத் திரை துவைக்க வேண்டாமா?" என்கிறார் மாமி. பெருநாளுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்!

முஹன்னத் ரொம்ப ஆறுதலாகப் பேசினான். "விடு, நிப்ராஸ். திரும்பப் போட்டுக்கலாம்."

பிறை 9, ஞாயிறு

வாஷிங் மெஷின் பிளக்கைக் கழற்றி என் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். பாதகி என்று மாமி சொன்னது காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பிறை 10, திங்கள்

எழுபத்தொன்று! இரண்டேகால் மணி வரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நோன்புக் களைப்பில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் கறுப்புத் திரை. மாமியும் தூங்கிக்கொண்டிருந்தார், ஆனாலும் அவரைத்தான் கேட்டேன்.

"மாமி, இஸ்திரிப் பெட்டி போட்டீங்களா?"

"தூக்கத்துலயா?"

"வேற யாரு போட்டா?"

"ஏன், நான் எந்திரிச்சு உலாவிட்டுப் படுத்தேன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். இரண்டு பேரும் சாயங்காலம் வரை பேசவில்லை. கறி அடைக்கும் கிப்பே உருண்டைக்கு மாவு பிசையும்போது உப்பு வேண்டும் என்பதற்காகப் பேசினோம். முஹன்னத் பள்ளியிலிருந்து வந்து ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். "கரண்ட் ஒரு தடவை போய்ட்டு வந்துச்சு. பெட்டி தாங்கல போல" என்றான்.

பேட்டரிப் பெட்டிக்கும் வயதாகிவிட்டது. இந்த வீட்டில் எல்லோருக்கும் வயதாகிறது, இஸ்ராவின் தேதிக்கு மட்டும் இன்னும் இளமை.

பிறை 11, செவ்வாய்

அபூ ராஃபித் தெருவில் பார்த்துக் கேட்டார்: "வீடியோ ரெடியாம்மா? டிவியில எங்க மூஞ்சி எப்ப வரும்?" இன்ஷா அல்லாஹ் என்றேன். அடுத்த ஆட்டத்தில் முஹன்னத்தைக் கடைசி வரிசையில் உட்காரவைக்கப்போகிறாராம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறை 13, வியாழன்

மறுபடி எழுபத்தொன்று. மறுபடி இரண்டேகால்!

மாமிக்கு இப்போது சந்தேகமே இல்லை, கண்ணேறுதான். ஹர்மல் விதையைக் கரியில் போட்டுப் புகை கிளப்பிப் பெரியவரை மூன்று முறை சுற்றினார். "மாடியில உன் பக்கத்துல நின்னாளே, அந்தப் பச்சைக் கண்ணுக்காரி. அவ கண்ணுதான்." பெரியவர் தும்மியிருப்பார், மூக்கு இருந்திருந்தால்.

எனக்கு அழுகையாக வந்தது. ஏழு நாள்தான் இருக்கிறது. எனக்குன்னு ஒண்ணு வருது, அதுவும் இந்தக் கரண்ட்டால போகணுமா? என்ன ஊருடா இது. நாளைக்குச் சத்தாரை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன்.

பிறை 14, வெள்ளி

ஆக்கவில்லை. ஆனது நான்தான்.

ரொட்டிக் கடை வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, சத்தாரின் ஜெனரேட்டர் கொட்டகை வாசலில் நின்று கத்தினேன். இரண்டேகாலுக்கு ஏன் நிறுத்துகிறாய், எங்கள் வீட்டு ஆம்பியரை யாருக்கு விற்கிறாய், என் பிழைப்பில் ஏன் மண் போடுகிறாய்? சத்தார் கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தான். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தான். ஜெனரேட்டர் ஓடிய நேரம், நின்ற நேரம், அரசாங்க மின்சாரம் வந்த நேரம், போன நேரம் எல்லாம் தேதிவாரியாக இருந்தது. என்னைப் போல் தினமும் பத்துப் பேர் சண்டைக்கு வருகிறார்களாம், அதற்காகவே எழுதிவைக்கிறான்.

"திங்கக்கிழமை பாரு தங்கச்சி. பதினொண்ணே முக்காலுக்கு அரசாங்கக் கரண்ட் வந்துச்சு, அஞ்சு பத்துக்குத்தான் போச்சு. நேத்தும் அப்படித்தான். நீ சொல்ற ரெண்டேகாலுக்கு என் ஜெனரேட்டர் தூங்கிட்டு இருந்துச்சு. நானும் தூங்கிட்டு இருந்தேன்."

"ஃப்யூஸ் போயிருக்கலாம்."

"ஃப்யூஸ் போனா யாரு வந்து போடணும்? நான்தானே? நான் வந்தேனா?"

வரவில்லை. வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். மின்சாரம் போகவில்லை. ஃப்யூஸும் போகவில்லை. அப்புறம் பெரியவர் எப்படிப் போனார்?

பாக்தாதில் பிறந்து வளர்ந்தவளுக்கு மின்சாரத்தைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்படத் தெரியாது போலிருக்கிறது.

பிறை 15, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் முஹன்னத் பிடிபடும் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை, ஜிலேபிக் காட்சி. முழு வீடியோவுக்கும் உயிர் அந்த நாற்பது நொடிதான். பெரியவர் வழக்கம்போல நடுவில் நின்றுவிட்டார், முஹன்னத் முகத்தில். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் ஆகியும் நகரவில்லை. எனக்கு வேறு வேலை இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மோதிரம் இல்லாத சுற்றுகளில் இவன் வானத்தைப் பார்க்கிறான், மீசையைக் கடிக்கிறான், பக்கத்து ஆளின் செருப்பைப் பார்க்கிறான். மோதிரம் கைக்கு வந்துவிட்டால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜப்பாரை நேராகக் கண்ணுக்குக் கண் பார்க்கிறான். இமைகூட ஆடவில்லை. உலகத்திலேயே இவனைவிட யோக்கியன் கிடையாது என்ற முகம்! நாற்பது பேரில் அப்படி ஒரு முகம் இருந்தால் ஜப்பார் என்ன, குருடன்கூடப் பிடிப்பான்.

அந்த நேரத்தில்தான் முஹன்னத் சனிக்கிழமைத் தனிவகுப்பு முடித்துப் பள்ளியிலிருந்து வந்தான். திரையை அணைத்தேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"வியாழக்கிழமை பெரியவர் ஏன் நின்னார், முஹன்னத்?"

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, என்னை நேராகப் பார்த்தான். இமைகூட ஆடவில்லை.

"கரண்ட் போச்சு, நிப்ராஸ். என்ன பண்றது, நம்ம ஊரு அப்படி."

நான் கையை நீட்டினேன்.

"கொண்டா மோதிரத்தை."

காது நுனி வரை சிவந்துவிட்டான். நிஜமாகவே இரண்டு கையையும் விரித்துக் காட்டினான், பாவம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முதல் முறை மாமியின் வாஷிங் மெஷின்தான். அதைப் பார்த்துத்தான் யோசனையே வந்ததாம். அடுத்த இரண்டு முறையும் நானும் மாமியும் தூங்கும் நேரம் பார்த்துச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான். பேட்டரிப் பெட்டி கத்தத் தொடங்கியதும் மேலே தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தானாம்.

"நாலு நிமிஷம் அது கத்துறதைக் கேட்டுக்கிட்டே நின்னேன். வல்லாஹி, சத்தியமா அதுவே எனக்குத் தண்டனை."

"எதுக்குடா?"

"டிவியில வந்தா நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட கிளாசுக்குப் போவேன்? நாப்பது பசங்க. போர்டுப் பக்கம் திரும்பினா 'கொண்டா மோதிரத்தை'ன்னு பின்னாலேருந்து கத்துவானுங்க. ஜென்மத்துக்கும் அதான் என் பேரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் அதை எடுத்துருக்க மாட்டேனா?"

விரித்த கையை மடக்கிக்கொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"நீ வெட்டிட்டு இருந்தப்ப பின்னால நின்னு பாத்தேன். ஜப்பார் பிடிச்சது பரவாயில்ல. ஊரு சிரிச்சதும் பரவாயில்ல. அதுல எல்லாரையும் விட சத்தமா உன் சிரிப்புதான் கேக்குது."

கேமராவுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது என் வாய்தான். இதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறை 16, ஞாயிறு

கோபம் போகவில்லை. என் சிரிப்பு தப்பு, சரி. அதற்காக என் வேலையைக் கெடுப்பதா? பத்தொன்பது மணி நேர ரெண்டரைப் பாழாக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் வேறு சொல்கிறான்! ஆறுதல்!

பேசவில்லை. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத் தட்டை அவன் பக்கம் தள்ளினேன், அவ்வளவுதான்.

பிறை 17, திங்கள்

மன்னிப்புக் கேட்கும் நாள்.

மாமியிடம் பிளக்கைத் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தையும் சொன்னேன். மாமி போய், மகனுடைய சட்டையெல்லாம் எடுத்துக் கூடையிலிருந்து வெளியே போட்டுவிட்டு மற்றதை மட்டும் மெஷினில் போட்டார். பிறகு என்னிடம், "சின்ன வயசுல சர்க்கரை திருடினாலும் இப்படித்தான்மா, நேரா என் கண்ணைப் பாத்து நிப்பான்" என்றார். இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

சத்தாருக்கு ஒரு தட்டு ஜிலேபி கொண்டுபோனேன். ரொட்டி வரிசை இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கத்தியது எல்லோர் முன்னாலும் என்றால் மன்னிப்பும் அப்படித்தானே? சத்தார் தட்டை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, நோட்டை எடுத்து ஏதோ எழுதினான்.

"என்ன எழுதுறீங்க?"

"தேதி. முதல் தடவையா ஒருத்தர் மன்னிப்புக் கேட்டு வந்துருக்காங்க."

பிறை 18, செவ்வாய்

அந்த நாற்பது நொடியை எடுத்துவிட்டேன்.

எடுத்துவிட்டு முழுவதையும் ஓட்டிப் பார்த்தேன். நாற்பது ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்திருக்கிறார்கள். உப்பில்லாத கஞ்சி. இஸ்ரா மரியாதைக்கு நன்றி சொல்லிவிட்டு என் எண்ணை அழித்துவிடுவாள். ஆனாலும் எடுத்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இரண்டாம் முறை ஊருக்குக் கேட்கவைக்க எனக்கு மனமில்லை.

முஹன்னத்திடம் சொன்னேன். தலையாட்டினான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன், அப்படித் தெரியவில்லை.

இன்னொன்றும் செய்தேன், முதல் நாளே செய்திருக்கவேண்டியது. வீடியோவை ஏழு துண்டாக வெட்டினேன். துண்டு துண்டாக ரெண்டர் போட்டுக் கடைசியில் ஒட்டிவிடலாம். நடுவில் எது நின்றாலும் ஒரு துண்டுதான் போகும். பெரியவரால் ஒரே மூச்சில் மலையேற முடியாது, ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார்.

பிறை 19, புதன்

சஹர் முடிந்ததும் ஆரம்பித்தேன். முஹன்னத் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தான். ஃப்ரிட்ஜையே பிடுங்கிவிட்டான். ஹாலில் விசிறியையும் நிறுத்திவிட்டான். மாமி கைவிசிறியோடு உட்கார்ந்து, "திருடனே போலீசு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் மாறும்போதெல்லாம் சத்தார் முன்கூட்டியே தெருவிலிருந்து குரல் கொடுத்தான்: "தங்கச்சி, மாத்தப்போறேன்!"

நான்கரைக்கு ஆறு துண்டு முடிந்து ஏழாவது ஓடியது. நோன்பு திறக்க அக்கா கூப்பிட்டிருந்தாள். போக மனமில்லை.

"போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றான் முஹன்னத்.

"நீ பாத்துக்கிட்டதை எல்லாம் பாத்தேனே."

சிரித்தான். நான்கு நாளில் முதல் முறை. போய்விட்டு வந்தேன். வந்தபோது பெரியவர் அணைந்திருந்தார், எல்லாம் முடிந்தது என்றான்.

பிறை 20, வியாழன்

காலையில் ஒட்டுவதற்காகத் திறந்தேன். எட்டுத் துண்டுகள் இருக்கின்றன. நான் போட்டது ஏழு.

எட்டாவதைத் திறந்தேன். நாற்பது நொடி. ஜப்பார் நடந்துவருகிறான், உட்காருகிறான், ஜிலேபி தின்கிறான். என் சிரிப்பு, கூட்டாமல் குறைக்காமல், அப்படியே.

அக்கா வீட்டில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில், ஒரு மணி நேரம் காத்திருந்து இதை ரெண்டர் போட்டிருக்கிறான். எங்கே என்ன அமுக்கவேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இரண்டு முறை நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஒரு முறை ஆரம்பிக்கத் தெரியாதா!

பள்ளிக்குப் போயிருந்தான். போன் பண்ணிக் கேட்கலாமா? கேட்டால் ஏதாவது பெரிதாகப் பேசவேண்டிவரும். கேட்கவில்லை. எட்டையும் ஒட்டினேன். மதியம் அவன் வந்ததும் பென்டிரைவைக் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு காரை எடுத்தான். இஸ்ராவின் மேசையில் வைத்துவிட்டு வந்தோம். வழியில் இரண்டு பேரும் தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம்.

எனக்கு அவன் மேல் ஆசையாக இருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

பிறை 25, செவ்வாய்

நோன்பு திறந்து சூப்பில் கரண்டி வைத்தபோது டிவியில் எங்கள் ஆட்டம் வந்தது.

எங்கள் தெரு, எங்கள் வரிசைகள். மாமி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜப்பார் நடந்துவந்தான். முஹன்னத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். டிவியில் அவன் முகம், அந்த யோக்கிய முகம், சுவரளவு. பிறகு சிரிப்பு.

"யாருடி இது, இப்படிச் சிரிக்கிறா? கட்டுப்பாடில்லாம?" என்றார் மாமி.

முஹன்னத்துக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சூப் மூக்கில் ஏறிவிட்டது. மாமிக்குப் புரிந்ததும் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். இராக் முழுக்கக் கேட்டிருக்கும்; எனக்குத்தான் காது சூடாக இருந்தது.

நிகழ்ச்சிக்காரர்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி இரண்டு முறை திரும்பக் காட்டினார்கள். அதைப் பெரியவர் எனக்கு இலவசமாகவே செய்துகொண்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் அபூ ராஃபித் போன். முஹன்னத்தை மறுபடி முதல் வரிசைக்குக் கொண்டுவருகிறாராம், மோதிரம் மட்டும் தரமாட்டாராம். "இனிமே எவன் வந்தாலும் முதல்ல உன் மூஞ்சியத்தான்டா பாப்பான். பாத்துட்டு இருக்கட்டும்."

இஸ்ராவும் போன் பண்ணினாள். பெருநாள் மூன்றாம் நாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

ஷவ்வால் பிறை 3, புதன்

பெருநாளின் மூன்றாம் நாள், இஸ்ராவின் அலுவலகத்தில் எனக்கு முதல் நாள். பத்து நிமிட வீடியோ, நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. டீ ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள்! அடுத்ததைப் போடுவதா, டீயைக் குடிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஷவ்வால் பிறை 7, ஞாயிறு

பெருநாள் விடுமுறை முடிந்து, வாரத்தின் முதல் நாளான இன்று பள்ளி திறந்தது. காலையில் முஹன்னத் மூன்று சட்டை மாற்றினான். சாப்பிடவில்லை. நான் அலுவலகத்தில் இருந்தாலும் மனம் அவன் வகுப்பிலேயே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"கத்தினானுங்களா?"

"உள்ள போறதுக்குள்ளயே. நாப்பது பேரும் ஒரே குரல்ல. ஹெட்மாஸ்டரே எட்டிப் பாத்தாரு."

"நீ என்ன பண்ணின?"

"எல்லாரையும் கையை மூடச் சொன்னேன். ஒரு சாக்பீஸ் துண்டைக் குடுத்துட்டு வெளிய போய் நின்னேன், யாரு கையிலயாவது ஒளிச்சு வைங்கடான்னு. திரும்ப வந்து ஒரு தடவைதான் பாத்தேன். ஒருத்தனையும் விலக்கல. நேரா அவன்கிட்ட போய்க் கையை நீட்டினேன். குடுத்துட்டான்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மூணாவது பெஞ்சு. என்னை நேராப் பாத்துட்டு இருந்தவன் அவன் ஒருத்தன்தான்."